ஜேட் அடங்காப்பிடாரி என்றால் பாக்கோ யார்?

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மீமை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் பகிர்ந்தவர் யார் என்பதும் தெரியும், பெயர் வேண்டாம். 'ஜாக்கி சான் கார்ட்டூனில் உண்மையான வில்லன் ஷெண்டு அல்ல, ஜேட்தான்' என்பதோடு நின்றிருந்தால் கடந்து போயிருப்பேன். அதன் கீழே நம் குமரி மாவட்டத்து அண்ணன்மார் வரிசையாக வந்து எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. 'அடங்காப்பிடாரி.' 'அப்போதே இரண்டு சாத்து சாத்தியிருக்க வேண்டும்.' 'இப்படி ஒரு பெண்பிள்ளை இருந்தால் அந்த வீடு விளங்குமா?'

ஜாக்கியின் வீட்டில் வளரும் உறவுக்காரச் சிறுமி ஜேடுக்கு வயது பதினொன்று. வீட்டில் இரு என்று சொன்னால் இருக்க மாட்டாள், ஜாக்கியின் பின்னாலேயே கிளம்பிவிடுவாள். இதுதானே குற்றச்சாட்டு? பாக்கோவை நினைவிருக்கிறதா? முகமூடி அணிந்த மல்யுத்த வீரர் எல் டோரோ போகும் இடமெல்லாம் போகும் சிறுவன். அதே வீம்பு, அதே வாய். யாருடைய ஆள் பெரியவர் என்று ஜேடுடன் மல்லுக்கு நிற்பான். அவனை அடிக்க வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியதா? அவன் செய்தால் ஆர்வம், இவள் செய்தால் திமிர்.

அது போகட்டும், டோருவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கறுப்புக் கை கும்பலின் அடியாள். ஜாக்கியைத் தூக்கித் தூக்கி எறிந்தவன். பிறகு மனம் மாறி, மந்திரம் தெரிந்த ஜாக்கியின் அங்கிளுக்குச் சீடனானான். 'டோரு தங்கமான மனிதன்' என்று நேற்றும் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் டோருவைப் பிடிக்கும். மலை போன்ற அந்த உடம்புக்குள் அம்மாவுக்குப் பயப்படும் ஒரு பிள்ளையை வைத்தார்களே, அது அழகு. ஆனால் அதே நபர் இரண்டு கமெண்ட் தள்ளி வைப்பரைத் 'திருடி' என்று எழுதுகிறார். வைப்பரும்தான் திருட்டை விட்டுவிட்டு ஜாக்கிக்கு உதவினாள். திருந்திய ஆணுக்குத் தங்கம், திருந்திய பெண்ணுக்குத் திருடியா?

ஜேடுக்கு ஆழமே இல்லை, தொல்லை கொடுப்பது மட்டும்தான் அவள் வேலை என்று ஒருவர் நீளமாக விளக்கியிருக்கிறார். 95 அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. தீய நிஞ்ஜாக்களான நிழல் படையின் குறியைத் தன் உடலிலேயே பதித்துக்கொண்டு, அந்தச் சக்தி தலைக்கேறி, ஜாக்கிக்கு எதிராகவே நிற்கிறாளே, அந்த அத்தியாயத்தைப் பார்த்தீர்களா? அவள் தப்பு செய்யாதவள் என்று நான் சொல்லவில்லை. ஆசைப்படுகிறாள், பொய் சொல்கிறாள், சறுக்குகிறாள், மறுபடி வந்து நிற்கிறாள். ஒரு பாத்திரத்துக்கு வேறு என்ன ஆழம் வேண்டும்? இதையே ஒரு பையன் செய்திருந்தால் சிக்கலான நாயகன் என்று கட்டுரை எழுதியிருப்பீர்கள்.

சுட்டி டிவி 2007-இல் வந்தபோது நான் குலசேகரம் பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் ஆசான் நம் ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறை சொல்லிக்கொடுத்தார். அண்ணனை அனுப்பினார்கள். எனக்கு மதில்தான். மதிலுக்கு மேல் எட்டி, ஒற்றைச்சுவடு என்ற காலடிப் பயிற்சியில் பையன்கள் எந்தக் காலை எங்கே மாற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போட்ட கொடிகளுக்கு நடுவே போய் அதைச் செய்து பார்ப்பேன். திரும்பும்போது ஈர ஷீட் முகத்தில் அறையும். அந்தப் புளித்த நாற்றம் பாவாடையெல்லாம் ஏறிவிடும். அம்மா அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார். 'பெண்பிள்ளைக்கு எதற்கு அடியும் தடையும்?' என்று கேட்டார், அதோடு முடிந்தது. அந்த வருடங்களில் எனக்கு இருந்தது சாயங்காலம் டிவியில் வந்த ஜேட் மட்டும்தான். சுவரேறிக் குதிக்கிற பெண்ணை வேறு எங்கே பார்த்தேன்? அவளைத்தான் நேற்று ஆளாளுக்கு அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

வெறும் கார்ட்டூனுக்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். வெறும் கார்ட்டூன் என்றால் அந்தச் சிறுமியை அடிக்க ஏன் இத்தனை கைகள் நீளுகின்றன?

அந்தத் தொடரிலேயே பெண்கள் குறைவுதானே, ஜாக்கி, அங்கிள், டோரு, கேப்டன் பிளாக் என்று முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஆண்கள்தானே என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். அது உண்மை. அதனால்தான் இருக்கிற ஒருத்தியையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம் என்கிறார்கள் இன்னும் சிலர். இந்தப் பாதுகாப்பை நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மதிலுக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்தியதும் இதே பாதுகாப்புதான். நிஜமாகவே பாதுகாப்பில் அக்கறை என்றால் அடிமுறையை முதலில் எனக்கல்லவா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்?

அடக்கத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் பேசும்போது எனக்கு உள்ளே ஏதோ எரிகிறது. இது தோள்சீலைப் போராட்டம் நடந்த மண். மேலாடை அணிந்த குற்றத்துக்காகச் சந்தையிலும் வழியிலும் பெண்களின் துணியைக் கிழித்தார்கள். கிழிக்கக் கிழிக்க உடுத்திக்கொண்டு வந்தார்கள் நம் பாட்டிகளின் பாட்டிகள். 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் போட வேண்டி வந்தது, அதுவும் முழு உரிமை கொடுக்காத பிரகடனம். அன்றும் அவர்களைப் பார்த்து அடங்காதவர்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆண்டுதோறும் அந்தப் பெண்களைப் பற்றிப் பெருமையாகப் பதிவு போடும் அதே விரல்கள், பதினொரு வயது ஜேடுக்கு இரண்டு அறை பரிந்துரைக்கின்றன. கார்ட்டூனில் ஆரம்பித்து எங்கோ போய்விட்டாள் என்று நினைக்காதீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

'உங்கள் வீட்டுப் பெண்ணை இப்படி வளர்ப்பீர்களா?' என்று கேட்ட அண்ணனுக்கு: வளர்க்கிறோம். அண்ணன் மகள் வாரம் தவறாமல் அடிமுறைக்குப் போகிறாள், கூட்டிக்கொண்டு போவது அதே அண்ணன்தான். டோரு தங்கம், வைப்பர் திருடி என்று எழுதியவரிடம் நேற்று இரவே காரணம் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. இங்கேயே எழுதட்டும், தனிச்செய்தியில் வேண்டாம்.