பந்தைத் தராமல் தோல்வியை மட்டும் எங்கள் தலையில் கட்டாதீர்கள்

"பெண்கள் இல்லாமல் ஆடியிருந்தால் வென்றிருப்போம்." ஞாயிறு ஆட்டம் முடிந்து வட்ஸ்அப் குழுவில் வந்த இந்தச் செய்தியை நிறையப் பேர் பார்த்துவிட்டீர்கள். கீழே சிரிப்பு முகங்கள் வேறு. எதுவும் எழுதாமல் கடந்து போகத்தான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை.

அண்ணாமார்களே, நாம் பெயர் கொடுத்தது ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் கலப்பு டச் ஃபுட்போலுக்கு. களத்தில் ஆறு பேர், அதில் ஆண்கள் மூன்று பேருக்கு மேல் நிற்கக்கூடாது. மீதி இடத்தை நிரப்புவதற்காக எங்களைக் கூட்டி வந்ததாக நினைக்கிறீர்களா?

முதல் பாதி முழுக்க நான் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். நீங்கள் மூவரும் நடுவில் உங்களுக்குள்ளேயே பந்தை மாற்றிக்கொண்டு, நேரே ஓடி, எதிரணியால் தொடப்பட்டு, பந்தைத் தரையில் வைத்து ஆட்டத்தைத் தொடரும் ரோல்போல் வைத்து, திரும்பவும் நேரே ஓடி, ஆறாவது முறை தொடப்பட்டதும், அதாவது ஆறாவது டச்சோடு, பந்தை எதிரணியிடம் கொடுத்தீர்கள். எங்களுக்குப் பந்து வராது என்பது எதிரணிக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. ஆறு பேரும் நடுவில் நெருங்கி நின்றுகொண்டார்கள். என் பக்கம் ஓரம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. கையைத் தூக்கினேன், கத்தினேன். பந்து வரவில்லை. மூன்று பேரை மட்டும் மறித்தால் போதும் என்ற வசதியை எதிரணிக்குக் கொடுத்தது யார்?

1968இல் ஆஸ்திரேலியாவின் சவுத் சிட்னியில் பொப் டைக், ரே வோடன் என்ற இருவர் தொடங்கிய விளையாட்டு இது. றக்பி லீக்கிலிருந்து வந்தது, ஆனால் இடித்து வீழ்த்துவது கிடையாது. பந்தில், உடுப்பில், தலைமுடியில் விரல் பட்டாலே டச். நூறு கிலோ ஆளாக இருந்தாலும் அங்கேயே நின்று பந்தை வைக்கத்தான் வேண்டும். எதிரணி ஏழு மீட்டர் பின்னால் போயாக வேண்டும், அந்த இடைவெளியில் யார் எந்த நேரத்தில் ஓடிவந்து பந்தை வாங்குகிறார்கள் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. இதற்கு உடல் பலம் எங்கே வருகிறது?

யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது எங்களுக்கு வலைப்பந்தாட்டம் மட்டும்தான். பெரிய மைதானம் பொடியன்களுக்கு. நாங்கள் வேலியோரம் நின்று பார்ப்போம். இங்கே வந்து, வேலையிடத்துத் தோழி ஒருத்தி வற்புறுத்தி இழுத்துப் போனபோதுதான் பந்தோடு ஓடுவது எப்படியிருக்கும் என்று தெரிந்தது. அந்த அணியில் ஹாஃபாக, அதாவது ரோல்போலில் வைத்த பந்தை எடுத்துக் கொடுப்பவராக ஆடியவர் பேரப்பிள்ளைகள் உள்ள ஒரு பெண்மணி. ஹாஃப் தொடப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும், எல்லாரும் பயப்படும் இடம் அது. அவர் பதறி நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் அவருடைய வயதைப் பற்றியோ, அவர் பெண் என்பதைப் பற்றியோ கதைத்ததில்லை. நம்முடைய ஆட்களோடு ஆடும்போதுதான் எனக்கு இது நடக்கிறது.

ஆண்கள் வேகமாக ஓடுவார்கள், உண்மைதானே என்பீர்கள். சரி, உண்மைதான். அதனால்? வெறும் ஓரத்தில் நிற்பவளுக்கு உங்களுடைய வேகம் எதற்கு?

ஆஸ்திரேலியக் கால்பந்தை அணிக்கு ஒன்பது பேராக ஆடும் ஏஎஃப்எல் நைன்ஸின் கலப்பு ஆட்டத்தில் பெண் அடிக்கும் கோலுக்கு ஆறுக்குப் பதிலாக 9 புள்ளி தருகிறார்கள், பெண்களுக்குச் சலுகை இல்லாமல் முடியாது என்பதற்கு அதுவே சாட்சி என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். எனக்கு அந்த விதி பிடிப்பதில்லை. டச்சில் யார் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து டச்டவுன் எடுத்தாலும் ஒரு புள்ளிதான், அதுதான் மரியாதை. ஆனால் ஞாயிற்றுக்குப் பிறகு யோசிக்கிறேன், கூடுதலாகக் கிடைக்கும் அந்த மூன்று புள்ளி ஆசைக்காகவாவது நீங்கள் எங்களுக்குப் பந்தைத் தருவீர்கள் போலிருக்கிறது.

"பொழுதுபோக்கு ஆட்டம்தானே அக்கா, ஏன் இவ்வளவு கோபம்?" பொழுதுபோக்கு என்றால் எங்களுக்கும் பொழுது போக வேண்டாமா? பிள்ளைகளைத் தூங்கவைக்க ஆள் பார்த்து, சமையலை முடித்து, வீட்டில் ஆயிரம் பேச்சுக் கேட்டு வருகிறோம். குளிரில் ஓரத்தில் நின்று உங்கள் முதுகைப் பார்ப்பதற்கா?

இன்பொக்ஸில் "தப்பாக எடுக்காதீங்க அக்கா" என்று எழுதியவருக்கு நான் பதில் போடவில்லை. எங்களைக் கேலி செய்தது குழுவில், எல்லாரும் பார்க்க. மன்னிப்பையும் அங்கேயே எழுதுங்கள். அதுவரை அடுத்த ஞாயிறு என் பெயரைப் போட வேண்டாம்.