பத்துக் கல் மாமூல்

மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கிற சீசனில் சித்தி மகன் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தான். இருபத்திரண்டு வயது. மதியம் சாப்பிட்டுவிட்டு என் லேப்டாப்பைத் திறந்தவன் அதில் கோதிக் என்ற பழைய விளையாட்டு இருப்பதைப் பார்த்துவிட்டான். நான் அடிக்கடி அதைப் பற்றிப் பேசுவேன் என்பதால் ஆர்வமாகத்தான் உட்கார்ந்தான். இருபது நிமிஷம். கீழே கிடந்த ஒரு வாளை எடுக்க முடியவில்லை அவனால். பொத்தானை அழுத்துகிறான், நாயகன் சும்மா நிற்கிறான். இன்னொன்றை அழுத்துகிறான், எகிறிக் குதிக்கிறான். எங்கிருந்தோ ஒரு பறவை ஓடிவந்து நாலு கொத்து கொத்தியது, ஆள் காலி.

"அண்ணா, இதையா இத்தனை வருஷமா பெருமையா சொல்லிட்டிருந்தீங்க?"

அவனுக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக: கோதிக் 2001-இல் வந்த ஜெர்மன் விளையாட்டு. பிரானா பைட்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. கதை இதுதான். ஓர்க் என்ற அரக்கக் கூட்டத்தோடு ராஜாவுக்குப் போர். ஆயுதம் செய்ய மந்திரத் தாது வேண்டும். சுரங்கத்தில் தோண்ட ஆள் வேண்டும். திருடன், கொலைகாரன், வரி கட்டாதவன் என்று எல்லாரையும் பிடித்து ஒரு பள்ளத்தாக்கில் தள்ளுகிறார்கள். யாரும் தப்பிக்காமல் இருக்க பன்னிரண்டு மந்திரவாதிகள் சேர்ந்து ஒரு மாயத் திரை போடுகிறார்கள். அது நினைத்ததைவிடப் பெரிதாகி அவர்களையும் சேர்த்து உள்ளே மடக்கிவிடுகிறது. உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. அந்தக் குழப்பத்தில் கைதிகள் காவலர்களை அடித்துப்போட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இனி ராஜாவுக்குத் தாது வேண்டுமென்றால் அவர்கள் கேட்கிற சாமானை இறக்கித்தான் வாங்க வேண்டும். நீங்கள் அங்கே புதிதாகத் தள்ளப்படுகிற கைதி. உங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. கடைசி வரை கிடையாது.

எனக்கு இது கிடைத்தது 2006-இல். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ரெண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். பெங்களூர் போன மாமா நடைபாதையில் வாங்கிவந்த சி.டி. உறையில் வேறு ஏதோ விளையாட்டின் படம். உள்ளே இது. கையேடு, குறிப்பு எதுவும் இல்லை. கன்ட்ரோல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மேல் அம்புக்குறியை அழுத்தினால்தான் எதையும் எடுக்க முடியும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு சாயங்காலம் ஆனது. சித்தி மகன் இருபது நிமிஷத்தில் எழுந்துபோனதில் எனக்கு வருத்தம் இல்லை. அவனிடம் வேறு நூறு விளையாட்டு இருக்கிறது. என்னிடம் அந்த ஒரு சி.டி.தான் இருந்தது.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், நிறைய இருக்கின்றன.

கன்ட்ரோல் மோசம். சண்டையில் கன்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடியே இடது வலது அம்புக்குறிகளால் வாளை வீச வேண்டும், கீழ் அம்புக்குறியால் தடுக்க வேண்டும். கதவு திறக்க, பெட்டி திறக்க, செடி பறிக்க, எல்லாவற்றுக்கும் இதே ரெண்டு விரல் வித்தை. வியாபாரம் செய்வது அதைவிடக் கொடுமை. ஒரு அம்புக்கட்டு வாங்க நான் தட்டிய தட்டில் கீபோர்டில் எழுத்து அழிந்திருக்கும். இதற்கும் சில ரசிகர்கள் சப்பைக்கட்டு கட்டுவார்கள்: "நாயகனே கத்துக்குட்டி, அதனால்தான் கன்ட்ரோலும் அப்படி இருக்கிறது." சும்மா சொல்லாதீர்கள். நாயகன் தேறிக் கடைசியில் பெரிய வீரன் ஆன பிறகும் தரையில் கிடக்கிற காளானைப் பறிக்க அதே பாடுதான்.

ரெண்டாவது, பாதிக்கு மேல் விளையாட்டு இளைத்துவிடுகிறது. ஆறு அத்தியாயம். முதல் அத்தியாயம் முகூர்த்த நாள் சந்தைக்கடை மாதிரி, எங்கே திரும்பினாலும் ஒரு ஆள், ஒரு வேலை, ஒரு வம்பு. நாலாவதைத் தாண்டினால் குகை, அரக்கன், குகை, அரக்கன். கைதிகளில் எந்த முகாம் கூட்டத்தில் சேர்ந்திருந்தாலும் பின்பாதிக் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைசிக் கோயிலில் நான் மூன்று நாள் சுற்றினேன். ஒரு இடம் நினைவில் நிற்கவில்லை.

மூன்றாவது, பெண்கள். மொத்தப் பள்ளத்தாக்கிலும் பெண் பாத்திரம் என்றால் தலைவர்களுக்கு விசிறி வீசவும் வேலை செய்யவும் நிற்கிற சிலர்தான். பேச்சென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பதினேழு வயதில் எனக்கு இது உறைக்கவில்லை. இப்போது பார்க்கும்போது உறைக்கிறது. "கைதிகள் காலனி, அப்படித்தான் இருக்கும்" என்கிற பதில் எனக்குப் போதவில்லை.

சரி. இவ்வளவு ஓட்டை இருந்தும் நான் ஏன் ஐந்து தடவை விளையாடினேன்?

பழைய முகாம் என்று கைதிகள் குடியிருக்கிற ஓர் இடம். அதற்குள் நுழைந்த முதல் நாளைச் சொல்கிறேன். நடுவில் கோட்டை, அதைச் சுற்றி மரக் குடிசைகள், அதைச் சுற்றி மரவேலி. உள்ளே போனதும் காவலன் ஒருவன் தானாக நடந்து வந்து நம்மை நிறுத்துகிறான். பெயர் பிளட்வின். ரொம்ப அக்கறையாகப் பேசுகிறான். புதுசா வந்திருக்கே, இங்கே ஆபத்து அதிகம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பத்துத் தாதுக்கல் கொடுத்தால் போதும். அங்கே காசு கிடையாது, தாதுக்கல்தான் காசு.

என் அப்பா கிரானைட் லாரி ஓட்டியவர். குவாரியிலிருந்து கல்லை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் எந்த இடத்தில் யார் கையில் எவ்வளவு வைக்க வேண்டும் என்று வீட்டில் பேசிக் கேட்டே வளர்ந்தவன் நான். பிளட்வின் வாயைத் திறந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது மாமூல். அதற்கு முன்னால் நான் ஆடிய விளையாட்டுகளில் எல்லாம் நான் இளவரசன், இல்லையென்றால் ராணுவ வீரன். உலகத்தைக் காப்பாற்ற வா என்று கூப்பிடுவார்கள். இங்கேதான் முதல் தடவையாக ஒருவன் என்னிடம் மாமூல் கேட்டான்.

ரோஷத்தில் கொடுக்கவில்லை. அப்புறம்தான் வேடிக்கை. அவன் நேரடியாக ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு எவனோ வந்து வம்பிழுத்தான், அடித்தான். விழுந்தேன். மனிதன் கையால் விழுந்தால் இந்த விளையாட்டில் பெரும்பாலும் சாவதில்லை, அதுதான் அழகு. குப்புறக் கிடக்கிறோம். அடித்தவன் நிதானமாகக் குனிந்து நம் தாதுக்கல்லை எடுக்கிறான், வாளையும் எடுத்துக்கொள்கிறான், போய்விடுகிறான். கொஞ்ச நேரத்தில் நாம் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நிற்கிறோம். செத்துப்போயிருந்தால்கூடப் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருப்பேன், மறந்திருப்பேன். இது அவமானம். அந்த முகத்தை வைத்துக்கொண்டே மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டும். இருபது மணி நேரம் கழித்து, கையில் நல்ல வாள் வந்த பிறகு, வேறு வேலையை எல்லாம் விட்டுவிட்டு அவனைத் தேடிப்போய் நான் கொடுத்த அடி இருக்கிறதே! அந்தச் சுகத்தைக் கடைசி அரக்கனை வீழ்த்தியபோதுகூட நான் அடையவில்லை.

யாராவது குடியிருக்கிற குடிசைக்குள் சும்மா நுழைந்து பாருங்கள், வீட்டுக்காரன் "வெளியே போ" என்பான். போகவில்லை என்றால் கை வைப்பான். தெருவில் வாளை உருவிக்கொண்டு நடந்தால் உள்ளே வை என்று மிரட்டுவார்கள். ராத்திரியானால் தூங்குவார்கள், காலையில் எழுந்து வேலையைப் பார்ப்பார்கள். ஸ்னாஃப் என்று ஒரு சமையல்காரன். புதுக் குழம்பு வைக்கப் பூச்சி மூன்று, காளான் ஐந்து கொண்டுவா என்பான். மட் என்று ஒரு அரைக்கிறுக்கு. நம் பின்னாலேயே தொணதொணவென்று பேசிக்கொண்டே வருவான், அறைந்தால்தான் விடுவான். நான் அறையவில்லை. கூடவே வரட்டும் என்று விட்டுவிட்டேன். தனியாக நடப்பதற்கு அது தேவலை.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும், வாள் பிடிக்கிற விதம். ஆரம்பத்தில் நாயகன் ஒற்றைக் கை வாளை ரெண்டு கையாலும் பிடித்து, விறகு பிளப்பது மாதிரி வீசுவான். சண்டைக்களத்தில் ஸ்காட்டி என்று ஒரு வாத்தியார் இருக்கிறான். ஒரு நிலை ஏறினால் நமக்குப் பத்துக் கற்றல் புள்ளி கிடைக்கும், அதைச் சேர்த்து அவனிடம் கொடுத்துப் படிக்கலாம். படித்துவிட்டு வெளியே வந்து வாளை உருவினால் ஒரே கையில் பிடித்திருக்கிறான்! நிற்கிற நிலையே மாறியிருக்கிறது. மற்ற விளையாட்டுகளில் தேறிவிட்டோம் என்பதை ஒரு எண் சொல்லும். இங்கே மணிக்கட்டு சொல்கிறது. இதை முதலில் பார்த்த அன்று மின்வெட்டு வந்து, சேமிக்காமல் போய், மறுபடியும் அந்தப் பத்துப் புள்ளியைச் சேர்க்க மூன்று மணி நேரம் உழைத்தேன். அந்தக் காலத்து மின்வெட்டைப் பற்றித் தனிப் பதிவே போடலாம்.

திரையில் அம்புக்குறி காட்டி "இந்தப் பக்கம் போ" என்று சொல்லும் பழக்கம் இதற்குக் கிடையாது. வரைபடம் வேண்டுமா, கிரஹாம் என்று ஒரு வரைபடக்காரன் இருக்கிறான், அவனிடம் வாங்கு. மற்றபடி வாய்வழிதான். நம் ஊரில் சையத் பாஷா மலை எந்தப் பக்கம் தெரிகிறதோ அதை வைத்துத் திசை சொல்வோம் இல்லையா, அதேபோல அங்கே நடுக்கோட்டையை வைத்துத் திசை பிடிக்கக் கற்றுக்கொண்டேன். காட்டில் மிருகங்களும் எடுத்தவுடனே பாய்வதில்லை. கிட்டே போனால் முதலில் உறுமி எச்சரிக்கும். பின்வாங்கினால் விட்டுவிடும். சித்தி மகனைக் கொத்திய அந்தப் பறவையும் முதலில் கத்தியிருக்கும். இவன் வாளை எடுக்கிற மும்முரத்தில் காதில் வாங்கவில்லை.

ஜெர்மனியிலும் போலந்திலும் இந்த விளையாட்டுக்கு இருக்கும் மவுசு வேறு. ஜெர்மன் பதிப்பில் இன் எக்ஸ்ட்ரீமோ என்ற இசைக்குழு பழைய முகாமுக்குள்ளேயே மேடை போட்டுப் பாடும். நம் கைக்கு வந்த இங்கிலீஷ் பதிப்பில் அது இல்லை. போலந்து ரசிகர்கள் ரெண்டாம் பாகத்தை வைத்து ஆர்கோலோஸ் என்று ஒரு முழு நீள விளையாட்டையே தாங்களாகச் செய்து 2021-இல் இலவசமாக வெளியிட்டார்கள். பிரானா பைட்ஸ் 2024-இல் மூடப்பட்டது. முதல் பாகத்தை மறுபடி புதிதாகச் செய்யும் வேலை அதற்கு முன்பே பார்சிலோனாவில் உள்ள அல்கிமியா இன்டராக்டிவிடம் போயிருந்தது. 2025-இல் அதன் முன்னோட்டத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். படம் கண்ணைப் பறிக்கிறது, கன்ட்ரோல் மனிதன் கையாளும்படி இருக்கிறது. அதற்காக அவர்களைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாளை எளிதாக எடுக்க முடிந்தால் மாயம் போய்விடும் என்றால் அது மாயமே இல்லை. மாமூல் கேட்கிறவனை மட்டும் நல்லவனாக்கிவிடாமல் இருந்தால் சரி.

பழையதையே ஆட நினைப்பவர்களுக்கு: இப்போதைய விண்டோஸில் அப்படியே போட்டால் முரண்டு பிடிக்கும். ரசிகர்கள் செய்த திருத்தங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி சேமியுங்கள். முதல் அத்தியாயத்தை அவசரப்படாமல் ஆடுங்கள், நாலாவதுக்குப் பிறகு அலுத்தால் கூச்சப்படாமல் நிறுத்துங்கள். முடிக்காமல் விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இதை எல்லாம் சித்தி மகனிடம் போனில் துண்டு துண்டாகச் சொல்லியிருந்தேன். அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்து ஒரு மாசம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான்.

"அண்ணா, புது முகாமுக்குப் போயிட்டேன்."

புது முகாமில் நெல் வயல் இருக்கும். ஜெர்மன்காரன் செய்த விளையாட்டில் நெல் வயல், அதில் குனிந்து வேலை செய்கிற ஆட்கள், அரிசியில் காய்ச்சுகிற சாராயம். உள்ளே நுழைகிற இடத்திலேயே லெஃப்டி என்று ஒரு ரவுடி நிற்பான். வயலில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு என்பான். மாட்டேன் என்றால் அடி. கொடுத்தாலும் மறுநாள் கண்ணில் பட்டால் மறுபடியும் பிடித்துக்கொள்வான். ஒரு தடவை நாம் அவனை அடித்து விழுத்திவிட்டால் அப்புறம் பெட்டிப் பாம்பு.

"பிளட்வினுக்கு என்ன பண்ணே?"

"பத்துக் கல்லு குடுத்துட்டேண்ணா. எதுக்கு வம்பு."

"இப்ப?"

"வயல்ல தண்ணி குடுத்துட்டிருக்கேன். ரெண்டாவது நாள். இந்த ஆளு தினமும் கேப்பானாண்ணா?"

நான் லெஃப்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு ஷிஃப்ட் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டேன். ஆறு மணிக்காம்.