25 சென்ட் கொடுத்தால் பார்க்கலாம்

கிளமென்டீன் ஹண்டரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மெல்ரோஸ் என்ற பண்ணை, அங்கே சமையல் வேலை செய்த எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கறுப்பினப் பெண், அங்கே வந்து தங்கிய நியூ ஆர்லியன்ஸ் ஓவியர் ஆல்பெர்ட்டா கின்ஸி விட்டுப்போன வண்ணக் குழாய்கள், அதைக்கொண்டு ஒரு பழைய ஜன்னல் திரையில் அவர் வரைந்த முதல் படம். கதை அழகாகத்தான் இருக்கிறது, நானும் முதலில் இதைப் படித்துத்தான் அவரைத் தெரிந்துகொண்டேன். ஆனால் அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அந்த ஐம்பது வருடத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டு, யாரோ மறந்து வைத்த நாலு குழாய்க்குப் பெருமையைத் தூக்கிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறந்தது 1886 கடைசியிலோ 1887 தொடக்கத்திலோ, கேன் ஆற்றங்கரையில் இன்னொரு பருத்திப் பண்ணையில். பள்ளிக்கூடம் போனது மிகக் கொஞ்ச நாள்தான், சின்ன வயதிலேயே வயலில் இறங்கிவிட்டார். ஒரு பிரசவத்துக்கு முன், அன்று காலையில்கூட 78 பவுண்டு, அதாவது சுமார் 35 கிலோ பருத்தி எடுத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சில நாளில் மறுபடியும் வயல். நிறை மாதத்தில் குனிந்து நிமிர்ந்து எடுத்த அந்தப் பருத்தியைத்தான் பிற்பாடு அவர் நூற்றுக்கணக்கான முறை வரைந்தார். வண்ணம் தற்செயலாகக் கிடைத்திருக்கலாம். வரைவதற்கான விஷயம் அப்படிக் கிடைத்ததல்ல.

அப்புறம் வயலிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தார். பண்ணையின் எஜமானி கேமி ஹென்றி எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் அழைத்துத் தங்கவைப்பவர், அவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டது ஹண்டர். பகல் முழுக்க அடுப்படி, துணி துவைப்பு, படுக்கையில் கிடந்த கணவரைப் பார்த்துக்கொள்வது. இத்தனையும் முடிந்த பிறகு ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் வரைவார். அட்டைப்பெட்டி, காலி பாட்டில், சுரைக்குடுக்கை, ஜாடி, எது கிடைத்தாலும் அதில். பண்ணையில் தங்கியிருந்த ஃபிரான்சுவா மின்யோன் வண்ணங்கள் கொண்டுவந்து கொடுத்து ஊக்கப்படுத்தினார், அந்த உதவியை மறைக்கக் கூடாது.

இனி படங்களுக்கு வருகிறேன். பருத்தி எடுக்கிறார்கள், பீக்கன் கொட்டை பொறுக்குகிறார்கள், பெரிய கொப்பரையில் துணி வேகவைக்கிறார்கள், வெள்ளை உடுத்தி ஆற்றில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள், சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள், சவப்பெட்டி கல்லறைக்குப் போகிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவும் கறுப்பர். ஜினியா பூக்களைச் சலிக்கச் சலிக்க வரைந்தார். தூரம், கிட்டம் என்ற ஓவியக் கணக்கு எதுவும் கிடையாது. நிலத்தைப் பட்டை பட்டையாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதில் ஆட்களை நிறுத்துவார். யார் முக்கியமோ அவர் பெரிது. பல படங்களில் பெண்கள் பெரிதாக நிற்க, ஆண்கள் சின்னதாக ஒதுங்கியிருப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு முறையான பயிற்சி இல்லாதவர், வெகுளியான கை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு அதில் வெகுளித்தனம் எதுவும் தெரியவில்லை. அந்த இடத்தில் யார் எவ்வளவு பாரம் சுமந்தார்கள் என்று தெரிந்த ஒருவர் யோசித்து எடுத்த முடிவாகத்தான் தெரிகிறது. பருத்தி எடுப்பதைவிடப் படம் வரைவது கஷ்டம், பருத்தி கண்ணெதிரே செடியில் இருக்கிறது, பறித்தால் போதும், படத்துக்கு மூளை வேர்க்க வேண்டும் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு வேலையையும் செய்து பார்த்தவர் சொல்வது இது.

1955 ஒரு வருடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 68 வயதில் மெல்ரோஸ் பண்ணையிலேயே ஆப்பிரிக்கன் ஹவுஸ் என்ற கட்டடத்தின் மாடிக்காகப் பெரிய பெரிய பிளைவுட் பலகைகளில் கேன் ஆற்றங்கரை வாழ்க்கை முழுவதையும் வரைந்தார். அதே வருடம் நியூ ஆர்லியன்ஸின் டெல்காடோ அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி, அங்கே ஒரு கறுப்பினக் கலைஞருக்கு அதுதான் முதல்முறை. அதே வருடம்தான் பக்கத்து ஊர் நாக்கடிஷில் இருந்த அரசுக் கல்லூரியிலும் அவர் படங்கள் மாட்டப்பட்டன. ஆனால் வெள்ளையர்கள் பார்க்கும் நேரத்தில் அவர் உள்ளே போகக் கூடாது. கூடம் மூடியிருந்த நேரத்தில் பின்வாசல் வழியாக அவரைக் கூட்டிப்போய் அவர் வரைந்த படங்களை அவருக்கே காட்டினார்கள். அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்து 1986இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு நூறு வயதை ஒட்டி. கொடுத்தது நல்லதுதான், சந்தோஷம்தான், ஆனாலும் பட்டத்தைச் சொல்கிறவர்கள் பின்வாசலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் வீட்டு வெளியே ஒரு பலகை வைத்திருந்தார், பார்க்க 25 சென்ட் என்று. படத்தையே கால் டாலருக்கு விற்ற காலமும் உண்டு. 1988 ஜனவரி 1 அன்று, 101 வயதில் அவர் இறந்தபோது வியாபாரிகள் அதே படங்களை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரைக்கும் வரைந்தார். எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள்.

விலை ஏறினால் போலியும் வரும். அவர் பெயரில் போலி ஓவியங்கள் விற்ற ஒருவர் வீட்டில் 2009இல் எஃப்பிஐ சோதனை போட்டது, 2011இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒன்றுமே தெரியாத வெகுளிக் கை என்றார்களே, அந்தக் கையைப் போலச் செய்ய அவரால் முடியவில்லை. ஹண்டர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வரைவார், அதனால் வண்ணம் பட்ட விரல்களின் கறை ஓரத்திலும் பின்பக்கத்திலும் அப்படியே இருக்கும். போலிப் படங்களின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது.