மரத்தை விட்டுவைத்தீர்கள், மண்ணை?

புதுப்பித்துத் திறந்திருக்கும் நம் ஊர்ப் பூங்காவின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'புதுப்பொலிவு' என்று ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். மரங்களை வெட்டவில்லை, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மரத்தையும் சுற்றித் தண்டை ஒட்டி சிமென்ட் பூசியிருக்கிறார்கள். புல்தரை இருந்த இடமெல்லாம் தரைக்கல். குழந்தைகள் ஆடும் மூலையில் பிளாஸ்டிக் புல். வெயில் ஏறினால் அது தார்ச்சாலையைவிடவும் சுடக்கூடும். இதற்கா இத்தனை பாராட்டு?

"மரம்தான் நிற்கிறதே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கிறார்கள். மரம் மண்ணில் அல்லவா நிற்கிறது! தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. அவற்றுக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மூடிய மறுநாளே மரம் பட்டுப்போகாது. சில ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். பிறகு ஒரு பெருங்காற்றில் சாயும். பழி மரத்தின்மேல் விழும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு குடியிருந்த தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் மழையில் விழுந்தது. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் வடிகால் சுவர். போக வழியில்லாத வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றி, பெட்டிக்குள் வார்த்ததுபோல் சதுரமாக இறுகியிருந்தன. வடிகால் தோண்டியபோது அறுத்த வெட்டு கருத்துப்போயிருந்தது. விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அந்த வெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. "மரம் ஆபத்து" என்று மனு கொடுத்து மிச்ச மரங்களையும் வெட்ட வைத்தார்கள். அடுத்த கோடையில் இரவு நெடுநேரம் ஆன பிறகும் எங்கள் வீட்டுச் சுவர் சுட்டது. அம்மா ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். மரம் இலைவழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும். கான்கிரீட் பகல் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் கக்கும். இவ்வளவுதான் விஷயம்.

மழையில் சேறாகிறது, முதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்பது நியாயமான கவலை. நடைபாதை போடுங்கள், தண்ணீர் கீழே இறங்கும் கற்களால் போடுங்கள். ஆனால் நடக்கப் பாதை போடுவது வேறு, பூங்கா முழுவதையும் மூடுவது வேறு. "பராமரிக்க ஆள் இல்லை" என்பவர்களுக்குப் பதில் ஒரு வரி: ஆளைப் போடுங்கள். "மரம் விழுந்தால் பதிலுக்குக் கன்றுகள் நடுகிறோமே" என்பதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது. எங்கே நடுவீர்கள்? மண்ணைத்தான் மூடிவிட்டீர்களே! முழங்கால் உயரக் கன்று, முதிர்ந்த மரத்தின் நிழலைத் தரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெயில் அதுவரை காத்திருக்குமா?

மண்ணை மூடாமல் விடுவதெல்லாம் பணமும் இடமும் உள்ள நாடுகளுக்குச் சரி என்று ஒருவர் எழுதியிருந்தார். சிங்கப்பூரைவிட இடநெருக்கடி எங்கே? அங்கே பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் பூங்கா திறக்கப்பட்டது. கனமழையில் ஆறு பூங்காவுக்குள் பரவுகிறது, பிறகு வடிகிறது. கொலம்பியாவின் மெதெயின் நகரம் பணக்கார நகரமா? 2016 முதல் சாலையோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் பசுமை வழித்தடங்கள் அமைத்தது. அவற்றால் சுமார் 2 டிகிரி வெப்பம் தணிந்ததாக நகர நிர்வாகம் சொல்கிறது. அவர்கள் கான்கிரீட்டை உடைக்கிறார்கள், நாம் ஊற்றுகிறோம்.

நான் அண்ணன் என்று அழைக்கும் ஒருவரே "உங்களுக்கு வளர்ச்சி பிடிக்காது" என்று எழுதிவிட்டார். வலித்தது அண்ணா. பகல் முழுக்க வெயிலில் அலையும் கட்டிடத் தொழிலாளர்களும், உணவு கொண்டு தரும் பிள்ளைகளும் மதியம் தலைசாய்த்த புல்தரை அது. அவர்களுக்கு வீட்டிலும் குளிர்சாதனம் இல்லை. ஒரு கல் பதிப்பதற்கு முன் அவர்களில் ஒருவரையாவது கேட்டார்களா? அவர்களுக்கு இல்லாத வளர்ச்சி யாருக்கு?

திறப்பு விழா முடிந்துவிட்டதே என்று விட்டுவிட நான் தயாராக இல்லை. அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு மரத்தடியிலும் பூசிய சிமென்டை, வேர் அறுபடாமல் கையால் உடைத்து எடுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். அண்ணா, உங்களையும்தான் கேட்கிறேன்.