திங்கள் ராகு காலம் 7.30 என்பது ஆண்டு முழுவதும் சரியா?

திங்கள் ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று ராகு காலம் பற்றிய உங்கள் கட்டுரையில் எல்லாத் திங்களுக்கும் பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள். காலை 6க்கு உதயம், மாலை 6க்கு அஸ்தமனம் என்றால்தான் அது சரி. உண்மையான கணக்கு, பகல் பொழுதை எட்டாகப் பிரிப்பது. பொங்கல் சமயத்தில் சென்னையில் உதயம் சுமார் 6.35, அஸ்தமனம் சுமார் 6.00. பகல் 685 நிமிடம், ஒரு பங்கு ஏறக்குறைய 85½ நிமிடம். திங்களுக்கு இரண்டாம் பங்கு, ஆக 8.00 முதல் 9.26 வரை. முகூர்த்தத்தை 9.05க்கு வைத்தால் ராகு காலத்துக்குள்ளேயே விழுந்துவிடும்! எந்தக் கிழமைக்கு எந்தப் பங்கு என்பதற்கு ‘திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்ற வாக்கியம் போதும்; ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்கள் 2, சனி 3 என்று வரிசையாகப் போய் ஞாயிறு 8.

இன்னொன்று, பலர் தடுமாறும் இடம். பஞ்சாங்கத்தில் திதிக்கு நேரே ‘நா. 12.30’ என்று இருந்தால் அது மதியம் பன்னிரண்டரை மணி அல்ல. உதயத்திலிருந்து 12 நாழிகை 30 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம், இந்த விநாடிக்கு 24 நொடி. மொத்தம் 5 மணி நேரம். 6.35 உதயமானால் திதி முடிவது காலை 11.35. கடிகார நேரமென்று நினைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிசகி, அடுத்த திதியில் சங்கல்பம் (சடங்கின் தொடக்கத்தில் அன்றைய திதியைச் சொல்லி எடுக்கும் உறுதி) செய்வோம். திதி கொடுப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

நாளும் உதயத்தில்தான் மாறும். செவ்வாய் விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கப்படி கிழமை திங்கள்தான்.