மங்கலும் குவாண்டமும் ஒன்றல்ல
கலையையும் குவாண்டம் இயற்பியலையும் (அணு, எலக்ட்ரான் போன்ற மிகச் சிறியவற்றின் இயற்பியல்) இணைத்துப் பேசும் உங்கள் கட்டுரையைப் படித்தேன். பந்தயக் காரை மங்கலாகத் தீட்டினால் அது குவாண்டத்தின் நிச்சயமின்மைக் கோட்பாட்டின் ஓவியமாகிவிடும் என்று அது சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கேமராவின் ஷட்டர் மெதுவாக மூடுவதால் புகைப்படத்தில் வரும் மங்கல் போன்றது அது. வேகமான ஷட்டர் வைத்தால் போய்விடும். 1927-இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் இந்தக் கோட்பாட்டில் சொன்னது வேறு. எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் எலக்ட்ரானின் இடத்தையும் உந்தத்தையும் (நிறையும் திசைவேகமும் சேர்ந்த அளவு) ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அது இயற்கையே போட்ட எல்லை.

வேகத்தை வரைவது அதைவிடப் பழைய ஆசை. 1913-லேயே இத்தாலிய ஓவியர் ஜாகோமோ பால்லா ஓடும் காரைக் கோடுகளாகவும் சுழல்களாகவும் சிதறடித்துவிட்டார். அப்புறம் 1975-இல் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் வண்ணம் தீட்டிய பிஎம்டபிள்யூ கார் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்திலேயே ஓடியது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது!

குவாண்டம் கலை என்றால் சிற்பி ஜூலியன் வாஸ்-ஆண்ட்ரேயின் 'குவாண்டம் மேன்' (குவாண்டம் மனிதன்) சிற்பத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இணையாக நிற்கும் எஃகுத் தகடுகளால் ஆனது. முன்னாலிருந்து பார்த்தால் திடமான மனிதன். பக்கவாட்டில் நகர்ந்தால் தகடுகளின் இடைவெளி வழியே பின்னால் இருப்பதுதான் தெரியும், ஆள் கிட்டத்தட்ட மறைந்துவிடுவார். சிற்பி இயற்பியல் படித்தவர் என்பது அந்த வடிவத்திலேயே தெரிகிறது. கட்டுரையின் அடுத்த பகுதியில் இத்தகைய படைப்புகளைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.