ரயில் பாஸ் கணக்கு

ஜப்பானுக்குச் செல்வோர் அனைவரும் ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வே குழும ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் பயணிக்க உதவும் சீட்டு) வாங்கிவிட வேண்டும் என்று ஒரு பயணக் கட்டுரையாளர் சொல்வது, 2023 அக்டோபருக்கு முன்பு பொருந்தியிருக்கும். அம்மாதம் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் போய்வர ஏறக்குறைய 28,000 யென்தான் ஆகும் என்பதால், அவ்விரு ஊர்களை மட்டும் பார்ப்பவருக்கு அது நஷ்டமே. மேலும், அந்தப் பாஸ் முக்கியமாகக் குறுகிய காலப் பயணியாக வரும் வெளிநாட்டவருக்கானது. வேலை விசாவில் அங்கே குடியிருந்த என்னைப் போன்றோருக்குக் கிடையாது.

எங்களுக்குக் கைகொடுத்தது, பள்ளி விடுமுறைக் காலங்களையொட்டி விற்கப்படும் 'செய்ஷுன் 18' சீட்டு. பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு இல்லை. ஷின்கான்சென் ஏற முடியாது, நின்று நின்று போகும் சாதாரண ரயில்களில் நாள் முழுக்கச் சுற்றலாம். (2024 குளிர்காலம் முதல் தொடர்ச்சியான நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும்; முன்பு விட்டுவிட்டும் போகலாம்.) அப்படி ஒரு டிசம்பர் இறுதியில், மலைப்பகுதி நிலையமொன்றில் இறங்க வேண்டிய நான், கதவு தானாகத் திறக்குமென்று அதன் முன்னே நின்றுகொண்டே இருந்தேன். குளிர் உள்ளே புகாமலிருக்க, இறங்குபவரே பொத்தானை அழுத்தித் திறக்க வேண்டுமென்பது எனக்குத் தெரியாது. பின்னாலிருந்த மூதாட்டி ஒருவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி அழுத்தினார்; நான் இறங்கியதும், உள்ளிருந்தபடியே கதவை மூடியும் விட்டார்.